கண்டிக் கைவினையும் கடல்கடந்த போட்டியும்



கண்டி மாநகருக்கு வருவோர் தலதா மாளிகையைக் கண்டு, ஏரிக்கரையைச் சுற்றி நடந்த பின்னர், கடைத்தெருவினுள் நுழையாது திரும்புவது அரிது. அங்கே பித்தளைக் குத்துவிளக்குகள், வெள்ளிப் பேழைகள், அரக்குப் பூசிய கோல்கள், பத்திக் துணிகள், மரத்திற் செதுக்கிய யானைகள் ஆகியன அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும். அவற்றுட் சில, அந்நகரைச் சூழ்ந்த கிராமங்களிலே கைவினைஞர் தம் கையாற் செய்தவை. வேறு சில, இயந்திரத்தில் அச்சிடப்பட்டும், அச்சில் வார்க்கப்பட்டும், கப்பலேறி வந்தவை. இரண்டும் ஒரே தட்டில் அருகருகே இருக்கும். வாங்குவோர் விலையைப் பார்ப்பர். குறைந்த விலைக்குரியதை எடுத்துக்கொண்டு போவர்.

கொல்லன் தெருவில் ஊசி விற்றானாம் என்று நம்மவர் நகைப்பதுண்டு. இன்றோ கொல்லன் தெருவிலே பிறநாட்டார் ஊசி விற்கின்றனர். கொல்லனை விடக் குறைந்த விலைக்கும் விற்கின்றனர். இந்நிலையில் நம் கைவினைஞன் செய்யத்தக்கது யாது? விலையை மேலும் குறைப்பதா? தொழிலைக் கைவிடுவதா? அன்றி, வேறொரு வழி உண்டா? இவ்வினாவைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிக்கொள்வோம். ‘கைத்தொழில் வடிவமைப்பாளர்’ என்று ஒரு வகுப்பாரை இக்காலத்திற் குறிப்பிடுகின்றோம். ஒரு பொருளைச் செய்யத் தொடங்குமுன், அது எவருக்குப் பயன்படும், எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும், எப்பொருளாற் செய்யப்படல் வேண்டும், எவ்வளவு செலவிற் செய்து முடிக்கலாம் என்பனவற்றையெல்லாம் எண்ணித் துணிந்து வரைந்து தருபவரே வடிவமைப்பாளர். பெயர் புதிது, தொழில் பழையது. கண்டியரசர் காலத்தில் ‘பட்டல் ஹத்தர’ எனப்பட்ட நான்கு அரச பட்டறைகள் இருந்தன. அவற்றிற் பணிபுரிந்தோருக்கு ஊதியமாக நிலம் வழங்கப்பட்டது. அக்குடும்பங்களிற் பிறந்த சிறுவன் உளியைத் தொடுமுன் கோடு வரையப் பழகினான். ‘வக தெக’ எனப்படும் இரட்டை வளைவுதான் அவன் கற்ற முதற்பாடம். அவ்வளைவு கைவந்த பின்னரே கொடியும் பூவும் அன்னமும் யாளியும் வரைந்தான். கண்டி ஏரியோடும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தோடும் பெயர் இணைந்துள்ள தேவேந்திர மூலாச்சாரி இம்மரபில் வந்தவரே. அந்நாளில் எண்ணியவனும் வரைந்தவனும் செய்தவனும் ஒருவனாகவே இருந்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வினாவுக்குரிய விடை அங்கேதான் இருக்கின்றது.

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832ஆம் ஆண்டிலே இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆனால், கைவினைஞனை ஆதரித்த அரசனும் அவனோடு மறைந்தான். பிரதானிகள் மேனாட்டு நாற்காலிகளையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் விரும்பத் தொடங்கினர். மாஞ்செஸ்டர் ஆலைத் துணி மலைநாட்டுச் சந்தைகளை அடைந்தது. 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பேர்க்கின் என்னும் இளைஞர் முதலாவது செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பின்னர், மரப்பட்டையிலும் காயிலும் வேரிலும் சாயம் காய்ச்சியவரின் தொழிலும் தளர்ந்தது. நம் கைவினைஞர் எதிர்கொண்ட முதலாவது கடல்கடந்த போட்டி இதுவே. இன்று கண்டு நாம் திகைக்கும் போட்டி, உண்மையில் நூற்றைம்பது ஆண்டுப் பழைமை உடையது.

இதனை முதலில் உணர்ந்து உரத்துச் சொன்னவருள் ஒருவர், தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. நிலவியல் அறிஞராக இலங்கைக்கு வந்து, கனிப்பொருள் ஆய்வுப் பணியிலே மலைநாட்டின் ஊர்களுக்கெல்லாம் சென்றவர், கற்களை ஆராயச் சென்ற இடத்திற் கைவினைஞரைக் கண்டார். அவர்கள் செய்வன யாவை, எக்கருவியாற் செய்கின்றனர், எவ்வாறு பயில்கின்றனர் என்பனவற்றைத் தேடித் தொகுத்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908ஆம் ஆண்டில் வெளியிட்டார். அழிந்து போகவிருந்த அறிவு பல அந்நூலில் எஞ்சி நிற்கின்றது. அதற்கு முன்னரே, 1882ஆம் ஆண்டிற் கண்டிக் கலைச் சங்கம் தோன்றி, கைவினைஞர்தம் பொருள்களை விற்பதற்கு வழிசெய்திருந்தது.

இம்முயற்சிகள் போற்றத்தக்கன. எனினும், பழையதைப் பதிவு செய்வதனால் மட்டும் ஒருவன் வீட்டில் அடுப்பெரிவதில்லை. அரசனுக்குச் செய்த சாமரக் கைப்பிடியை இன்று வாங்குவார் யார்? ஏட்டுச் சுவடிக்குச் செய்த வெள்ளிப் பொத்தானை எங்கே கோப்பது? பழைய திறமைக்குப் புதிய பயனைக் கண்டறிவார் ஒருவர் வேண்டியிருந்தார். அப்பணியைத்தான் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கண்டி மாவட்டத்தோடும் மாத்தளை மாவட்டத்தோடும் தொடர்புடைய மூன்று பெண்மணிகள் செய்தனர்.

முதலாமவர் மின்னெட் டி சில்வா. 1918ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்தவர். 1948ஆம் ஆண்டிற் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதலாவது ஆசியப் பெண்மணி இவரே. ஊர் திரும்பிக் கண்டியிற் கட்டிய முதல் வீடு, 1949ஆம் ஆண்டு முதல் 1951ஆம் ஆண்டு வரை எழுந்த கருணாரத்ன இல்லம். அது மேனாட்டு நவீன முறையிலமைந்த வீடுதான். ஆனால், அதனுள்ளே தும்பறைப் பாய் நெசவும், சித்திரம் பதித்துச் சுட்ட ஓடுகளும் இடம்பெற்றன. பாய் தரையை விட்டெழுந்து வீட்டின் உறுப்பாயிற்று. வேறொரு வீட்டின் படிக்கட்டுக் கிராதிக்கு அரக்கு வேலை செய்வித்தார். கண்டிக் கலைச் சங்கத்தின் நூற்றாண்டு நினைவு நிலையத்தை வரைந்தவரும் இவரே.

இரண்டாமவர் ஏனா டி சில்வா. மாத்தளைக்கு வடக்கேயுள்ள அலுவிகாரை இவர்தம் பூர்விக ஊர். 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே தம் மகன் அனிலோடும் ஓவியர் லக்கி சேனநாயக்கவோடும் சேர்ந்து பத்திக் தொழிலை வளர்த்தார். மெழுகிட்டுச் சாயந்தோய்க்கும் இக்கலையை நாம் சாவகத் தீவோடு தொடர்புபடுத்தியே அறிவோம். ஏனா அம்மையார் அத்தீவின் சித்திரங்களைப் பார்த்து எழுதவில்லை. கண்டிக் கொடிகளிலும் விகாரை ஓவியங்களிலும் உள்ள சூரியன், சந்திரன், சிங்கம், தாமரை ஆகியவற்றைப் பெரிதாக எழுதி, அழுத்தமான வண்ணங்களிலே தோய்த்தார். ஜெப்ரி பாவா கட்டிய பெந்தோட்டைக் கடற்கரை விடுதியில், கூரையின் உட்புறம் முழுவதும் அவருடைய பத்திக் விதானமாயிற்று. துணி சேலையாகவும் சட்டையாகவும் மட்டுமே இருத்தல் வேண்டும் என்னும் எல்லையை அது கடந்தது. அலுவிகாரையில் ஊர்ப் பெண்கள் மெழுகெழுதவும் தையல் வேலை செய்யவும் பழகினர்; தச்சும் பித்தளை வார்ப்பும் இளைஞருக்கு வாய்த்தன.

மூன்றாமவர் பார்பரா சன்சோனி. 1928ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்தவர். கன்னியர் மடத்தில் ஏழைப் பெண்கள் கற்ற கைத்தறி நெசவுக்கு நிறங்களை அமைத்துத் தருமாறு வேண்டப்பட்டவர், 1964ஆம் ஆண்டில் ‘பெயர்பூட்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். நம் நாட்டு வயலிலும் கடலிலும் கண்ட நிறங்களையே தறியில் ஏற்றினார். நெசவில் எஞ்சிய துண்டுகளும் வீணாகாமற் குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளாயின.

இம்மூவரிடமும் பொதுவாக நாம் காண்பது யாது? கைவினைஞனிடம் ‘இன்னும் மலிவாகச் செய்’ என்று இவர்கள் கேட்கவில்லை. ‘உன் கைக்கு இயன்றது யாது?’ என்று கேட்டனர். பின்னர், இக்கால வீட்டில் அதற்கொரு இடம் தேடினர். வரைபவரும் செய்பவரும் மீண்டும் ஒரே பாயில் அமர்ந்தனர்.

இனி, இரண்டாவது போட்டிக்கு வருவோம். 1960ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னரும் நம் நாட்டில் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடுகள் இருந்தன. பிறநாட்டுத் துணி கிடைப்பது அரிதாயிற்று; ஆகவே கைத்தறியும் பத்திக்கும் செழித்தன. 1977ஆம் ஆண்டிற் பொருளாதாரக் கதவு திறக்கப்பட்டது. மலிவான துணி வந்து குவிந்தது. தறிகள் பல ஓய்ந்தன. நெசவை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேடின. ஆனால், எல்லாத் தறிகளும் ஓயவில்லை. பிறரிடம் கிடைக்காத வடிவத்தை உடையவர்கள் பிழைத்தனர். பிறர் செய்வதையே தாமும் செய்தவர்கள் வீழ்ந்தனர். மதில் உள்ளவரை இருசாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. மதில் விழுந்தபோதுதான் தெரிந்தது.

2020ஆம் ஆண்டின் பின்னரும் நம் நாடு இறக்குமதிக் கட்டுப்பாடுகளைக் கண்டது. அவை பின்னர் படிப்படியாகத் தளர்த்தப்பட்டதையும் கண்டோம். மதில் எழும்; மதில் விழும். அதன் நிழலை நம்பி மட்டும் பயிர் செய்பவன் என்றும் அச்சத்தோடு இருத்தல் வேண்டும். காப்புவரி தேவையில்லை என்று யான் கூறவில்லை. அது மூச்சு விடுவதற்கு அவகாசம் தரும். அவ்வவகாசத்திற் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்வது நம் பொறுப்பு.

எதனைக் கற்பது? போட்டியாளரிடமிருந்தே ஒரு பாடத்தைக் கற்கலாம். மாத்தளையில் 1972ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பீங்கான் தொழிற்சாலையை நேயருட் பலர் அறிவர். யப்பானிய நொரிட்டாகே நிறுவனத்தோடு சேர்ந்து தோன்றிய அத்தொழிற்சாலையிற் செய்யப்படும் தட்டுகளும் கிண்ணங்களும் உலகின் பல நாடுகளுக்குச் செல்கின்றன. அந்த யப்பானிய நிறுவனத்தின் வரலாறு சுவையானது. அது 1904ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. அமெரிக்கர் உணவு மேசைக்கு வேண்டிய முழுத் தொகுதியையும் செய்து அனுப்புவதே அதன் நோக்கம். ஆனால், கோணாமல் வளையாமல், தூய வெண்மையாக, 25 சதம மீற்றர் அகலமுள்ள ஒரு பெருந்தட்டைச் சுட்டெடுக்க அவர்களால் இயலவில்லை. முயன்றனர், தோற்றனர், மீண்டும் முயன்றனர். 1914ஆம் ஆண்டிலேதான் முதலாவது முழுத்தொகுதி வெளிவந்தது. ஒரு தட்டுக்குப் பத்தாண்டு. கடல்கடந்த வீட்டின் மேசையை அவ்வளவு பொறுமையோடு அவர்கள் படித்தனர்.

அதே யப்பானிய நாட்டைப் பிற்காலத்திற் பிறர் ‘எங்கள் வடிவங்களைத் திருடுகின்றீர்கள்’ என்று குறைகூறினர். அவர்கள் அதனை மறுத்துக்கொண்டிருக்கவில்லை. 1957ஆம் ஆண்டில் அரசே நல்ல வடிவத்தைத் தேர்ந்து முத்திரையிடும் முறையொன்றை ஏற்படுத்தியது. பிறரைப் பார்த்துச் செய்வோர் நாடு, பிறர் பார்த்துச் செய்யும் நாடாக மாறியது. அயல்நாடாகிய இந்தியாவும் இத்துறையில் முயன்றது. அமெரிக்க வடிவமைப்பாளராகிய சார்ள்ஸ் ஈம்சும் ரே ஈம்சும் 1958ஆம் ஆண்டிலே இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை வழங்கினர். அவர்கள் மிக வியந்து போற்றிய பொருள் யாது தெரியுமா? நம் வீட்டுக் கிணற்றடியிற் கிடக்கும் செம்பு! எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் எவ்வாறு அமரும், நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் எவ்வாறு நிலைகொள்ளும், வார்க்கும்போது நீர் எவ்வாறு வழியும் என்றெல்லாம் எண்ணிப் பார்த்தால், தலைமுறை தலைமுறையாகத் திருந்தி வந்த வடிவம் அது என்றனர். அவ்வறிக்கையின் பின்னர், 1961ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவகம் எழுந்தது. நம் நாட்டிலும் 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய அருங்கலைகள் பேரவையும் தேசிய வடிவமைப்பு நிலையமும் ஏற்பட்டன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புத் துறை பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. ஆகவே நிறுவனம் இல்லை என்று நாம் கூற முடியாது.

பின், எங்கே இடர்ப்பாடு? தும்பறைப் பாயை எடுத்துக்கொள்வோம். கண்டிக்குக் கிழக்கே குண்டசாலைப் பக்கத்திலுள்ள ஹேனவல என்னும் கிராமம் இதற்குப் பேர்போனது. ‘ஹண’ என்னும் செடியின் நீண்ட இலையை மரத்தால் அழுத்திச் சீவி, சதையை நீக்கி, வெண்ணாரை எடுப்பர். பதங்கி மரத்தைக் காய்ச்சிச் செந்நிறமும், மரமஞ்சளைக் கொண்டு மஞ்சள் நிறமும், கடுக்காய் தான்றிக்காய் முதலியவற்றைக் கொண்டு கருமையும் ஏற்றுவது பழைய முறை. பின்னர், தரையோடு தாழ்ந்த தறியில் அமர்ந்து, யானையும் மானும் பறவையும் நாகமும் கட்டங்கட்டமாகத் தோன்றும்படி நெய்வர். 2021ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் இந்நெசவைப் புலனாகா மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்து உலகறியச் செய்தது.

பெருமை வந்தது, மகிழ்ச்சியே. ஆனால், நெசவாளர் வீட்டுப் பெண்பிள்ளை என்ன எண்ணுவாள்? சமூகத்தின் கடைக்கோடியிலே பிறர் வைத்திருந்த ஒரு குலத்தாரின் தொழிலாக நெடுங்காலம் இருந்தது இது. நாரெடுத்து, சாயமேற்றி, முதுகு வளைந்து பல நாள் நெய்த பாய்க்கு வரும் விலை ஒருபுறம். ஆடைத் தொழிற்சாலையில் மாதந்தோறும் தவறாது கிடைக்கும் சம்பளம் மறுபுறம். அவள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினால் அவளைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? கலை காக்கப்படல் வேண்டும் என்று மேடையிற் பேசுவோர் தம் பிள்ளையைத் தறிக்கு அனுப்புவதில்லை. அவள் தன் விருப்பத்தோடு தறியில் அமர வேண்டுமாயின், அத்தறி அவளுக்கு நல்ல வாழ்வையும் மதிப்பையும் தருதல் வேண்டும். நம் வினா உண்மையில் அவளைப் பற்றியதே.

இங்கேதான் வடிவமைப்பாளர் செய்யத்தக்க பணிகள் உள்ளன. மூன்றைக் குறிப்பிடுகின்றேன்.

முதலாவது, பயனறிதல். பாய் விரித்துப் படுக்கும் வீடுகள் குறைந்துவிட்டன. ஆனால், மேசை விரிப்பும், சுவர்த் தொங்கலும், கைப்பையும், மெத்தை உறையும், அறைத் தடுப்பும் வேண்டும் வீடுகள் பெருகியுள்ளன. இவற்றுட் பலவற்றை நெசவாளர் ஏற்கெனவே செய்யத் தொடங்கிவிட்டனர். எந்நாட்டு மேசை எவ்வளவு அகலம், ஒரு விரிப்பை எத்தனை முறை கழுவுவர், கழுவினாற் சாயம் நிற்குமா என்பனவற்றை அறிந்து சொல்வது வடிவமைப்பாளர் கடன். நொரிட்டாகேயின் பத்தாண்டுப் பொறுமையை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கையறிதல். மாத்தளை ஹப்புவிடை அரக்கு வேலையைப் பாருங்கள். இளகிய அரக்கை நூல்போல் இழுத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் துண்டித்து, மரத்தின் மீது கோலமிடுவர். நகமே அங்கே கருவி. கொழும்பிலே மேசை முன் அமர்ந்து கணினியில் வரைபவருக்கு, அந்நகத்தின் அகலம் தெரியாவிடின், அவர் வரைந்தது அழகாயிருப்பினும் செய்ய இயலாததாகும். அன்றேல், இயந்திரம் அதனைவிட நன்றாகச் செய்துவிடும். கைக்கு மட்டுமே இயல்வதை அறிந்து வரைந்தால், இயந்திரம் அங்கே பின்தங்கும். ஆகவே வடிவமைப்பு மாணவர், பட்டறையிற் சில மாதமாவது இருந்து பயிலுதல் வேண்டும். அவ்வாறே, கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளும் வடிவமைப்புக் கல்லூரிக்குச் செல்ல வழி செய்தல் வேண்டும். முன்னோர் சிறுவனுக்கு முதலிற் கோடு வரையக் கற்பித்ததன் பொருள் அதுவே.

மூன்றாவது, உரிமை காத்தல். நல்ல வடிவம் ஒன்று சந்தைக்கு வந்த சில வாரங்களில், அதன் மலிவான போலி கடல்கடந்து வந்துவிடுகின்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, புதிய கைத்தொழில் வடிவத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். அப்பாதுகாப்பு ஐந்தாண்டுக்கு உரியது. மேலும் இருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். கிராமத்துப் பட்டறைகளில் எத்தனை பேர் இதனை அறிவர்? அவர்களுக்கு இதனை எளிய மொழியில் எடுத்துரைப்பது கூட்டுறவுச் சங்கங்களின் கடமை. பதிவிலே பெயர் இடம்பெறும்போது, வரைந்தவர் பெயரோ விற்பவர் பெயரோ மட்டும் இருந்து, நெய்தவள் கூலியாளாகவே நின்றுவிடலாகாது. அவளுக்கும் பங்கும் பெயரும் வேண்டும். பங்கில்லாத தொழிலிற் பற்றும் இராது.

வாங்குவோராகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ் இல்லங்களிற் குத்துவிளக்கில்லாத மங்கல காரியம் இல்லை. மொரதாபாத்தும் நாச்சியார்கோயிலும் பித்தளைக்குப் பெயர்பெற்ற ஊர்களே. அவற்றின் விளக்கை வாங்குவது பிழையென்று யான் கூறவில்லை. ஆனால், கண்டி கொழும்புச் சாலையிற் பிலிமத்தலாவையைக் கடக்கும்போது ஒருகணம் நின்று, இவ்விளக்கை வார்த்தவர் யார், இவ்வளைவை வரைந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல வல்ல கடையில் வாங்குங்கள். அந்த வினா பெருகுமாயின், வடிவத்துக்கு மதிப்புப் பெருகும். வடிவத்துக்கு மதிப்புப் பெருகினால், விலைப் போட்டியின் பிடி தளரும்.

நேயர்களே, கடல்கடந்த போட்டி நின்றுபோகும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மாஞ்செஸ்டர் போனது, வேறு நகரங்கள் வந்தன, இவை போனால் மற்றும் சில வரும். மலிவில் நம்மை வெல்ல எவரேனும் ஒருவர் என்றும் இருப்பார். நம் மலைநாட்டுக் கையின் அறிவையும், இக்கால வீட்டின் தேவையையும் ஒருங்கே அறிந்து பொருள் செய்வதில் நம்மை வெல்வது அரிது. அதற்கு வேண்டியது, வரைபவரும் செய்பவரும் மீண்டும் ஒரே பாயில் அமர்தல். அவ்வாறு அமருமிடத்தில், நெசவாளர் வீட்டுப் பெண்பிள்ளைக்கும் சம உரிமையோடு ஓர் இடம் இருக்கட்டும்.